பழைய பேருந்துக்கு எந்த கிரீஸ்?

கிரீஸைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரையா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கவர்னர்களைப் பற்றியும் கோட்டைகளைப் பற்றியும் எழுத நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சக்கரம் சுற்றுவதற்குக் காரணமான அந்தக் கறுப்புப் பிசுக்கைப் பற்றி எழுதத்தான் ஆள் இல்லை. அரசு வாகனப் பணிமனை ஒன்றின் ஸ்டோர் கணக்கைப் பல வருடம் எழுதியவன் நான். எத்தனை கிலோ கிரீஸ் வந்தது, எந்த வண்டிக்கு எவ்வளவு போனது என்று வரி வரியாகப் பதிந்தவன். ஆகவே எனக்கு இதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

இப்போது இதை எழுதக் காரணம் என் அக்காள் மகன். பாரிஸுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறான். சனிக்கிழமைகளில், பழைய பேருந்துகளைப் பழுது பார்த்து ஓட்டும் ஆர்வலர் குழு ஒன்றோடு சேர்ந்து கையைக் கறுப்பாக்கிக்கொள்கிறான். அவர்களிடம் இருப்பது ரெனோ கம்பெனி 1930-களில் செய்த டி.என். வகைப் பேருந்து. பழைய பிரெஞ்சுப் படங்கள் பார்த்தவர்களுக்கு உடனே தெரியும். பின்பக்கம் திறந்த பிளாட்பாரம், கம்பியைப் பிடித்துக்கொண்டு சிகரெட் புகைக்கும் ஆட்கள், சங்கிலியை இழுத்து மணியடிக்கும் ‘ரெஸவேர்’ என்கிற கண்டக்டர். அதே வண்டிதான்.

“மாமா, அந்தக் காலப் புத்தகத்தில் போட்டிருக்கிற கிரீஸ் இன்றைக்குக் கடையில் பாதி கிடையாது. எதைப் போடுவது என்று எங்களுக்குள் ஒரே சண்டை” என்றான். ஒரு கட்சி, அந்தக் காலத்தில் என்ன போட்டார்களோ அதே வகையைத் தேடிப் பிடித்துப் போட வேண்டும் என்கிறது. இன்னொரு கட்சி, தொண்ணூறு வருடத்தில் விஞ்ஞானம் வளர்ந்திருக்கிறது, இருப்பதிலேயே உயர்ந்ததை வாங்கிப் போடு என்கிறது. இரண்டு கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். அதற்கு வர வேண்டுமானால் முதலில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மோட்டார் வருவதற்கு முன்னால் வண்டிச் சக்கரத்துக்குப் பிரான்சில் போட்டது பன்றிக் கொழுப்பு. சமையலுக்கு ஆகாமல் பழசாகிப்போன கொழுப்பு. அதற்கு ‘வியே உவேன்’ என்று தனிப் பெயரே இருந்தது. அகராதியில் இன்னும் இருக்கிறது, பேச்சில் போய்விட்டது. சக்கரத்தில் சுற்றிச் சுற்றித் தூசியும் இரும்புத் தூளும் சேர்ந்து கறுத்துப்போன பிறகு அதற்குப் பெயர் ‘காம்புயி’. நம் பக்கத்தில் வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை செய்வார்கள். சட்டையில் பட்டால் எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது, வீட்டில் அடியும் கிடைக்கும். காம்புயியும் வண்டி மையும் அண்ணன் தம்பி. (கொழுப்புத் தடவுவது சக்கரத்துக்கு மட்டும் அல்ல. லஞ்சம் கொடுப்பதற்குப் பிரெஞ்சில் ‘கிரெஸே லா பத்’ என்பார்கள், பாதத்தில் கொழுப்புத் தடவுவது என்று பொருள். அரசு அலுவலகத்தில் காலம் தள்ளியவனுக்கு விளக்கம் தேவையில்லை.)

பேருந்து என்கிற எண்ணமும் குதிரை வண்டியில்தான் பிறந்தது. 1826-ல் நாந்த் நகரத்தில் ஸ்தனிஸ்லாஸ் போத்ரி என்பவர் குதிரை பூட்டிய ‘ஓம்னிபுஸ்’ விட்டார். 1828-ல் அது பாரிஸுக்கு வந்தது. 1855-ல் பாரிஸின் ஓம்னிபுஸ் கம்பெனிகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரே பெரிய கம்பெனி ஆக்கினார்கள். அந்தக் கம்பெனிதான் 1906 ஜூனில் மோன்மார்த்ருக்கும் சேன்-ழெர்மேன்-தே-ப்ரேவுக்கும் இடையே முதல் மோட்டார் பேருந்து மார்க்கத்தைத் திறந்தது. வண்டி பிரில்லியே-ஷ்னெய்டர் செய்தது. 1913 ஜனவரியில் கடைசிக் குதிரை ஓம்னிபுஸ் ஓய்ந்தது. ஏழே வருடத்தில் குதிரை லாயமெல்லாம் டிப்போ ஆயிற்று.

பன்றிக் கொழுப்பால் இந்தப் புது வண்டியோடு ஓட முடியவில்லை. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் போகிற வேகத்தில் அச்சு அவ்வளவாகச் சுடாது. மோட்டார் வண்டியில் சுடும். சூட்டில் மிருகக் கொழுப்பு உருகி ஓடும், நாளாக ஆகச் சிக்குப் பிடித்துப் புளிக்கும். நெய் காறிப்போவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். புளித்த கொழுப்பில் அமிலம் உண்டாகும், அமிலம் இரும்பையும் வெண்கலத்தையும் அரிக்கும். காப்பாற்றப் போட்டதே தின்ன ஆரம்பித்துவிடும்.

அதற்கு விடை அதற்கு முன்பே கிடைத்திருந்தது. கொழுப்போடு சுண்ணாம்பைச் சேர்த்தால் ஒரு வகைச் சோப்பு கிடைக்கும். அந்தச் சோப்பை மண்ணெண்ணெய் எடுக்கும் அதே கச்சா எண்ணெயிலிருந்து வரும் கனமான எண்ணெயில் கலந்தால் வெண்ணெய் மாதிரி நிற்கும். இதுதான் கிரீஸ். பலர் கிரீஸை ஏதோ தடித்த எண்ணெய் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது எண்ணெய் ஊறிய பஞ்சு. சோப்பு பஞ்சு, எண்ணெய் எண்ணெய்தான். பேரிங்குக்கு வேலை செய்வது அந்தப் பஞ்சிலிருந்து கசியும் எண்ணெய். பெரும்பாலான கிரீஸில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு எண்ணெய்தான் இருக்கும். பஞ்சு எந்தச் சோப்பால் ஆனது என்பதில்தான் வகை வித்தியாசம் எல்லாம்.

சுண்ணாம்புச் சோப்பு கிரீஸுக்குத் தண்ணீர் என்றால் பயமே கிடையாது. மழையில் நனைந்தாலும் கரையாது. ஆனால் சூடு ஆகாது. அந்தச் சோப்புக்குள் இம்மியளவு தண்ணீர் கட்டுண்டு கிடக்கிறது, அதுதான் அதைப் பிடித்து வைத்திருப்பது. 60 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சுட்டால் தண்ணீர் பிரிய, சோப்பு வேறு எண்ணெய் வேறாகிவிடும். சோடாச் சோப்பு கிரீஸ் இதற்கு நேர் எதிர். நார் நாராக இருக்கும், சூடு தாங்கும், சக்கர பேரிங்குக்கு நல்லது. ஆனால் தண்ணீர் பட்டால் பால் மாதிரி கரைந்து போய்விடும். எனவே அந்தக் கால டிப்போக்களில் இரண்டு டின்னும் வேண்டியிருந்தது. தண்ணீர் படும் இடத்துக்குச் சுண்ணாம்பு, சூடு படும் இடத்துக்குச் சோடா. பழைய பிரெஞ்சுக் கையேடுகளில் ‘கிராஸ் கோன்சிஸ்தாந்த்’, அதாவது கெட்டியான கிரீஸ், என்று மட்டும் போட்டிருப்பார்கள். டிப்போவில் இருந்த ஆளுக்கு மற்றதெல்லாம் தெரியும் என்று எழுதியவர் நினைத்துக்கொண்டார். அந்த ஆள் இப்போது இல்லை என்பதுதான் இன்றைய தொல்லை.

போடும் முறையும் வேறு. ‘ஷ்தோஃபேர்’ என்று ஒரு பித்தளைக் கிண்ணம், மூடியில் மரை இருக்கும். மூடிக்குள் கிரீஸை அடைத்துத் திருகி வைத்துவிட்டால், பிறகு ஒரு சுற்றுத் திருகும்போதெல்லாம் கொஞ்சம் கிரீஸ் உள்ளே இறங்கும். காலையில் வண்டி புறப்படுமுன் ஓர் ஆள் ஒவ்வொரு கிண்ணமாகத் திருகிக்கொண்டே போவான். ‘கிரெஸேர்’ என்று அவனுக்கு வேலைப் பெயர். கெட்டி ரப்பர் டயரும் கருங்கல் பாவிய தெருவுமாக இருந்த அந்த நாளில், ஸ்பிரிங் பட்டையின் ஷேக்கிள் பின் எத்தனை அடி வாங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு வாரம் அவன் வராவிட்டால் வண்டி கத்த ஆரம்பித்துவிடும்.

1914-ல் யுத்தம் வந்தபோது ராணுவம் பாரிஸ் பேருந்துகளை எடுத்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றி வலை அடித்து, போர்முனைக்கு மாட்டிறைச்சி கொண்டு போனார்கள். மார்ன் போருக்குப் போன டாக்சிகளைப் பற்றி எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கும், நாங்களும் படித்தோம். இறைச்சி சுமந்த பேருந்துகளை யாரும் பாடத்தில் வைக்கவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில், சிகாகோவில், ஆர்தர் குல்போர்க் என்பவர் நிப்பிளும் கிரீஸ் கன்னும் சேர்ந்த முறையைக் கொண்டு வந்தார். அலெமைட் என்று பெயர். பிரான்சில் அந்த வகைச் சாமான்கள் தெக்காலெமித் என்ற பெயரில் பரவின. இன்றைக்கும் பழைய பிரெஞ்சு வண்டிகளுக்கு அடியில் படுத்துப் பார்த்தால் அந்தப் பெயர் தென்படும். அழுத்தத்தில் கிரீஸ் உள்ளே போகும்போது பழைய கிரீஸும் அழுக்கும் தண்ணீரும் வெளியே தள்ளப்படும். கிண்ணத்தைத் திருகும் ஆள் ஐந்து நிமிடம் செய்ததை கன் வைத்திருப்பவன் சில நொடியில் முடித்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நிப்பிள் இருக்கிற இடமெல்லாம் கிரீஸ் அடிக்கிற இடம் இல்லை. அந்தக் கால வண்டிகளில் சில நிப்பிள்கள் கனமான எண்ணெய்க்காக வைத்தவை. இன்னும் சில வண்டிகளில் ஒரு தொட்டியிலிருந்து மெல்லிய குழாய்கள் வழியாகச் சேஸிஸ் முழுவதும் தானாக எண்ணெய் போகும் ஏற்பாடு உண்டு. அந்தக் குழாயில் ஒருவன் ஆர்வக் கோளாறில் கிரீஸை அடித்தால் அடைத்துக்கொள்ளும். பிறகு வெளியே பார்க்க வண்டி பளபளவென்று இருக்கும், உள்ளே பின்கள் காய்ந்து தேயும். ஆகவே எந்த கிரீஸ் என்பதற்கு முன்னால், கிரீஸா எண்ணெயா என்று கையேட்டைப் பார்க்க வேண்டும்.

சரி, 1930-களுக்கு வருவோம். ரெனோவின் டி.என். வண்டிகள் வந்தன. பெயரில் 4 என்றால் நான்கு சிலிண்டர், 6 என்றால் ஆறு. பிறகு இரண்டாவது யுத்தம், ஜெர்மானியர் ஆக்கிரமிப்பு, பெட்ரோல் இல்லை. கரி வாயுவிலும், கூரை மேல் பெரிய வாயுப் பையைச் சுமந்துகொண்டும் ஓட்டினார்கள். 1949-ல் மெட்ரோவும் பேருந்தும் சேர்ந்து ஆர்.ஆ.தே.பே. என்ற ஒரே நிறுவனமானது. பிளாட்பாரம் வைத்த கடைசி வண்டிகள் 1971 வரை பாரிஸில் ஓடின. முப்பத்தைந்து வருடம் நகரப் போக்குவரத்தில் உழைத்த வண்டி என்பது லேசான விஷயம் இல்லை. நம் பக்கத்து லேலண்டு வண்டிகளைக்கூட அவ்வளவு காலம் விட்டு வைத்ததில்லை.

இந்த முப்பத்தைந்து வருடத்துக்கு நடுவில்தான் கிரீஸ் உலகமே மாறியது. 1942-ல் கிளாரன்ஸ் ஏர்ல் என்ற அமெரிக்கர் லித்தியம் சோப்பு கிரீஸுக்குக் காப்புரிமை பெற்றார். யுத்த விமானங்களுக்குக் குளிரிலும் சூட்டிலும் ஒன்றுபோல நிற்கிற கிரீஸ் தேவைப்பட்ட காலம் அது. லித்தியம் கிரீஸ் தண்ணீரையும் தாங்கும், சூட்டையும் தாங்கும். இரண்டு டின் வைத்திருந்த இடத்தில் ஒரு டின் போதும் என்று ஆயிற்று. ‘மல்டிபர்ப்பஸ்’ என்று டின்னின் மேல் அச்சடித்தார்கள், நானும் அப்படித்தான் ரிஜிஸ்டரில் எழுதினேன்.

இதில் நமக்குச் சம்பந்தப்பட்ட ஒரு செய்தி இருக்கிறது. அந்த லித்தியம் சோப்பு செய்யப் பெரும்பாலும் வேண்டியது விளக்கெண்ணெயிலிருந்து எடுக்கும் ஒரு கொழுப்பு அமிலம். ஆமணக்கு உலகத்திலேயே அதிகமாக விளைவது இந்தியாவில், அதிலும் குஜராத்தில். மாட்டு வண்டி அச்சுக்கு நம் பாட்டனார் தடவிய அதே எண்ணெய், உருமாறி, பாரிஸ் பேருந்தின் ஹப்புக்குள்ளும் போயிருக்கிறது. அக்காள் மகனிடம் சொன்னபோது நம்பவில்லை. டின்னைத் திருப்பிப் பார்த்தால் தெரியாது, தயாரிப்பைப் படித்துத்தான் பார்க்க வேண்டும் என்றேன்.

ஆக, அவர்களிடம் இருக்கிற அந்த ஒரே வண்டி சோடா கிரீஸையும் தின்றிருக்கும், சுண்ணாம்பு கிரீஸையும் தின்றிருக்கும், லித்தியத்தையும் தின்றிருக்கும். பணியிலிருந்து விலகிய பிறகு யார் யார் கையிலோ இருந்து, அவரவர் வீட்டில் இருந்ததை அடித்திருப்பார்கள். இப்போது அந்த மூடிக்குள் இருப்பது என்ன? இதைத்தான் இரண்டு கட்சியும் கேட்கவில்லை.

இது ஏன் முக்கியம் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு சம்பவம். 1980-களில் எங்கள் பணிமனைக்கு வந்துபோன ஒரு வேனில், மேட்டில் இறங்கும்போது ஒரு பக்கத்துப் பின் பிரேக் பிடிக்கவில்லை. டிரைவர் சாமர்த்தியசாலி, கியரை இறக்கி மண் மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டார். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் ஹப்பிலிருந்த கிரீஸ் மோர் மாதிரி நீர்த்துப்போய், ஆயில் சீலைத் தாண்டி, பிரேக் லைனிங் முழுக்க நனைந்திருந்தது. கிரீஸ் புதிது, விலையும் அதிகம், மிகுந்த சூடு தாங்கும் என்று சொல்லி வாங்கியது. பிறகு எல்லோரும் மட்டமான சரக்கு என்று சத்தம் போட்டார்கள். பழைய இன்டென்ட்களை எடுத்துப் பார்த்தபோது சங்கதி தெரிந்தது. முன்பு அந்த வண்டிக்குப் போட்டது லித்தியம். புதிதாக வந்தது களிமண் வகை, பெந்தோனைட் என்பார்கள். பழையதை வழித்து எடுக்காமல் அதன் மேலேயே புதியதை அடைத்திருக்கிறார்கள். இரண்டும் தனித்தனியே நல்ல சரக்கு. சேர்த்தால் பஞ்சு உடைந்து எண்ணெயை விட்டுவிடும். வியாபாரியின் மேலும் தப்பில்லை, கம்பெனியின் மேலும் தப்பில்லை.

அப்போது எங்களிடம் ஒரு வயதான மேஸ்திரி இருந்தார். அவர் கிரீஸைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இழுத்துப் பார்ப்பார். நார் வந்தால் சோடா என்பார். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார். வெள்ளையாகக் கரைந்தால் உறுதி. “நிறத்தைப் பார்த்து ஏமாறாதீங்க சார், நிறம் சாயம்” என்பார். அது முழு உண்மை. சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் கம்பெனிக்காரன் சேர்க்கும் சாயம். நீல கிரீஸோடு நீல கிரீஸ் சேரும் என்று யாரும் எழுதித் தரவில்லை. ஆனால் விரல் சோதனைக்கும் எல்லை உண்டு. மூன்று தலைமுறை கிரீஸ் கலந்து கிடக்கும் ஹப்பில் எந்த மேஸ்திரியாலும் கண்டுபிடிக்க முடியாது.

எனவே என் மருமகனுக்கு நான் சொன்ன முதல் யோசனை, வாங்குவதைப் பற்றியதே இல்லை. கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்று. ஹப், பேரிங், மூடி எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து உலர்த்து. கழற்ற முடியாத ஷேக்கிள் பின், கிங் பின் ஆகியவற்றில், புதியது சுத்தமாக வெளியே வரும்வரை அடித்துக்கொண்டே இரு, வருவதைத் துடைத்துக்கொண்டே இரு. அதன் பிறகுதான் எந்த கிரீஸ் என்ற பேச்சு.

அந்தப் பேச்சும் பலர் நினைப்பதுபோல் ஒரே டின்னில் முடிவதில்லை. சக்கர பேரிங்குக்கு இன்றைய லித்தியம் அல்லது லித்தியம் காம்ப்ளெக்ஸ், இரண்டாம் எண் போதுமானது. எண் என்பது கெட்டித்தன்மை. 1933-ல் அமெரிக்காவில் தொடங்கிய கிரீஸ் சங்கம் ஒன்று பிற்பாடு வகுத்த கணக்கு. ஒரு கூம்பைக் கிரீஸில் விட்டு, 25 டிகிரியில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை இறங்கினால் இரண்டாம் எண். ஹப்பை முழுக்க அடைத்துவிடக் கூடாது. உருளைகளுக்கு நடுவில் நன்றாக ஏற்றி, மீதிக் குழியில் மூன்றில் ஒரு பங்கு போதும். அதிகம் போட்டால் கிரீஸ் தன்னையே கடைந்துகொண்டு சூடாகி வெளியே வரும். பழைய வண்டியில் அது வந்து நிற்கிற இடம் பிரேக் டிரம். இன்றைய ரப்பர் சீல் அங்கே இல்லை, கம்பளி ஃபெல்ட்டோ தோலோ வைத்திருப்பார்கள். மெல்லிய செயற்கை எண்ணெயில் செய்த உயர்ந்த விலை கிரீஸ் ஃபெல்ட்டை லேசாகத் தாண்டிவிடும். ‘இருப்பதிலேயே உயர்ந்தது’ கட்சிக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். உயர்ந்தது என்றால் எதற்கு உயர்ந்தது?

ஷேக்கிள் பின்னுக்கும் கிங் பின்னுக்கும் வேறு குணம் வேண்டும். அங்கே சுற்றல் இல்லை, அசைவும் அடியும்தான். மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ் அங்கே நன்றாக வேலை செய்யும். அதே கறுப்பு கிரீஸ் வேகமாகச் சுற்றும் உருளை பேரிங்குக்குத் தேவையில்லை. வெண்கல புஷ் உள்ள இடத்தில் இன்னொரு எச்சரிக்கை. மிகுந்த அழுத்தம் தாங்குவதற்காக இன்று சேர்க்கும் கந்தகச் சரக்குகளில் சில, சூட்டில் வெண்கலத்தையும் செம்பையும் அரிக்கும். இங்கிலாந்தின் பழைய ஏ.இ.சி., லேலண்டு பேருந்துகளின் பின் அச்சில் வோர்ம் பல்சக்கரம் இருக்கும், அதில் பெரிய சக்கரம் வெண்கலம். அங்கே இன்றைய கார்களின் கியர் எண்ணெயை யோசிக்காமல் ஊற்றினால், அதைக் கெடுக்கப் போதும். மாற்றுச் சக்கரம் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஸ்டியரிங் பெட்டியில் எண்ணெய் ஒழுகுகிறதே என்று இரண்டாம் எண் கிரீஸை அடைப்பவர்கள் உண்டு. ஒழுகல் நிற்கும், ஆனால் பல்சக்கரம் அந்தக் கெட்டி கிரீஸில் ஒரு பாதையை வெட்டிக்கொண்டு காய்ந்து சுற்றும். ஒழுகித்தான் தீரும் என்றால் இரட்டைச் சைபர் எண் என்று பாதி நீராக ஒன்று கிடைக்கிறது, திரும்பி வந்து மூடிக்கொள்ளும்.

இன்னொன்று. கையேடுகள் எழுதப்பட்டது தினமும் ஓடும் வண்டிக்கு. இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை கிரீஸ் என்று போட்டிருக்கும். அருங்காட்சியக வண்டி வருடத்தில் பத்து ஞாயிற்றுக்கிழமை ஓடினால் அதிகம். கிலோமீட்டர் கணக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் எட்டு வருடத்துக்கு ஒரு முறைதான் கிரீஸ் படும். ஓடாத வண்டிக்கு எதிரி தேய்மானம் இல்லை, ஈரம். பிரான்சின் குளிர்காலத்தில் கொட்டகைக்குள் இரும்பு வியர்க்கும். ஆகவே நாள் கணக்கில், குளிர் தொடங்குமுன் ஒரு முறை அடித்து உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே தள்ளிவிட வேண்டும். நடுவில் இரண்டு மூன்று தடவை வண்டியைச் சில அடி நகர்த்தி வைத்தால் உருளைகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து துருப்பிடிக்காது.

இப்போது இரண்டு கட்சிக்கும் தீர்ப்பு. பழைய கிரீஸே வேண்டும் என்பவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. 1957-ல் பாரிஸ் பக்கத்து ஆர்வலர்கள் நகரப் போக்குவரத்து அருங்காட்சியகத்துக்காக ஒரு சங்கம் அமைத்து, டிராமும் பேருந்தும் சேர்த்து வைத்திராவிட்டால் இன்று பார்க்க எதுவும் இருந்திருக்காது. இன்று அந்தச் சேகரிப்பு ஷெல் என்ற ஊரில் இருக்கிறது. ஆனால் சீட்டின் தோலையும் பெயிண்டின் பச்சையையும் காப்பாற்றுவது வேறு, சோடா கிரீஸைக் காப்பாற்றுவது வேறு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பயணிகளை ஏற்றி ஓடும் வண்டியில், தண்ணீரில் கரையும் கிரீஸைப் போட்டு யாருக்கு என்ன லாபம்? ஹப்பில் புதியதைப் போடட்டும். சோடா கிரீஸ் எப்படி இருந்தது என்று காட்ட ஒரு கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் வைக்கட்டும்.

புதியதைப் போடும்போது ஒரு வேலையை மட்டும் விடாமல் செய்யட்டும். ஒரு நோட்டு. எந்தச் சக்கரம், எந்த பின், எந்த கிரீஸ், என்ன சோப்பு, எந்தத் தேதி, யார் போட்டது. கம்பெனி பெயர் மட்டும் எழுதினால் போதாது, ஏனென்றால் கம்பெனிக்காரன் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் சரக்கை மாற்றுவான், நான் பார்த்திருக்கிறேன். இப்போது இருப்பவர்கள் எழுபதைத் தொடுகிறவர்கள். அவர்களுக்குப் பின் வரும் பையன் மூடியைத் திறக்கும்போது கேட்க ஆள் இருக்க மாட்டான். பாரிஸ் டிப்போக்களின் கிரெஸேர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எழுதி வைத்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. நோட்டு ஒன்றை வாங்கிக் கட்டம் போட்டு, படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். தேதிக்கு ஒரு கட்டம் சின்னதாகப் போய்விட்டது, மற்றபடி சரி.

இதற்கிடையில் லித்தியத்துக்கே கிராக்கி வந்துவிட்டது. மின்சாரக் காருக்கும் பேருந்துக்கும் பேட்டரி செய்ய எல்லோரும் லித்தியத்தை அள்ளுகிறார்கள், விலை ஏறியதும் கிரீஸ் செய்பவர்கள் மறுபடி கால்சியத்தின் பக்கம் திரும்புகிறார்கள். கால்சியம் என்றால் அதே பழைய சுண்ணாம்புதான், ஆனால் இப்போது வேறு விதமாகச் செய்கிறார்கள். கால்சியம் சல்ஃபோனேட் என்ற வகை சூட்டையும் தாங்கும், துருவையும் தடுக்கும். நின்று கிடக்கும் வண்டிக்கு என் கணக்கில் அதுதான் பொருத்தம். பழைய நீர் சேர்ந்த சுண்ணாம்பு கிரீஸும் முழுக்கப் போய்விடவில்லை. தண்ணீர் பம்புக்கென்று இன்றும் செய்கிறார்கள். ஷ்தோஃபேர் கிண்ணம் வைத்த பழைய பம்புகளில் அதைத்தான் அடைக்கிறார்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யுமுன் ஒரு திருகு.